கலியபெருமாள் சார் மைக் பிடித்த கதை

முதலியார்பேட்டையில் கலியபெருமாள் சாரின் ஆங்கில டியூஷனில் இந்த வருஷம் பாதி பெஞ்சு காலி. பிள்ளைகளெல்லாம் அடுத்த தெரு நிலவனிடம் ஓடிவிட்டார்கள். இவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே இவருக்குப் பிறகு வேலைக்கு வந்த பயல்! தினம் ஒரு ஆங்கில வார்த்தைக்கு வீடியோ போடுகிறான், ஊரே பார்க்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தப்பாவது சிக்காதா என்று அத்தனை வீடியோவையும் உட்கார்ந்து பார்த்தார்.

குடியிருப்போர் சங்க விழாவில் நிலவன் பேசப்போகிறான், வார்த்தை ‘ஃபியாஸ்கோ’ என்று பேனர் கட்டினார்கள். மாட்டினான்டா என்று இவர் அந்த வார்த்தையைத் தோண்டித் துருவிப் படித்துக்கொண்டு போய், முன்வரிசையில் உட்கார்ந்தார்.

நிலவன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். “படம் ஓடலன்னா ஃப்ளாப். தடபுடலா மேடை போட்டு, ஊரையே கூப்ட்டு, எல்லார் முன்னாடியும் மானம்போக சொதப்புனா ஃபியாஸ்கோ. இத்தாலியில அதுக்கு பாட்டில்னு அர்த்தம்.”

கலியபெருமாள் எழுந்தார். “பாட்டிலுக்கும் தோத்துப்போறதுக்கும் என்னப்பா சம்பந்தம்? அதச் சொல்லு!”

“தெரியல சார். நீங்க சொல்லுங்களேன்.” மைக்கை நீட்டிவிட்டான் பாவி.

இவருக்குக் குஷி தாங்கவில்லை. “அந்த ஊர்ல நாடகக்காரன் சொதப்புனா ‘பாட்டில் பண்ணிட்டான்’னுவாங்க. பிரெஞ்சுக்காரனும் அதப் புடிச்சிக்கிட்டான், அப்பறம் இங்கிலீஷ்காரன். கண்ணாடிய உருக்கி ஊதி ஜாடி செய்யறவன், அது கோணிக்கிச்சின்னா சாதா பாட்டிலா மாத்திடுவான், அதுலேர்ந்து வந்துச்சின்னு ஒரு கத. சாட்சி கெடையாது. ஏன் பாட்டில்னு இன்னிக்கி வரைக்கும் எவனுக்கும் தெரியாது!”

கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அப்படியானால் நிலவன் சொன்ன ‘தெரியல’தானே சரியான பதில்!

மறுநாள் காலை மனைவி பாக்கியலட்சுமி போனோடு வந்தாள். “ஏங்க, நீங்க பேசுனத அந்தத் தம்பி அவரு சேனல்லயே போட்டிருக்காரு. அவரு வீடியோவ விட ஒங்களுதுதான் நல்லா ஓடுது.”

வாசலில் பிள்ளைகளோடு இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். “நிலவன் சார்தாங்க அனுப்புனாரு. இங்கிலீஷுன்னா ஒங்ககிட்டதான் படிக்கணும்னாரு.”

கலியபெருமாள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பெஞ்சு நிறைகிறது, சந்தோஷம்தான். ஆனால் அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட இந்த வயிறு இப்படி எரிந்திருக்காது.