தெல்தோட்டை பஸ் மெட்டும் இரண்டு காலேஜும்

1. எந்த ஸ்கூல்?

முதன்முதலாக ஒரு காலேஜ் மேட்சுக்கு ட்ரம்பெட் ஊதப் போன அன்று, ஸ்டாண்டில் நின்ற ஒரு மாணவன் என் வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணே, நீங்க எந்த ஸ்கூல்?"

"இன்னிக்கி ஒங்க ஸ்கூல். நாளைக்கி யார் கூப்பிடுறாங்களோ அவங்க ஸ்கூல்" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் எதிரிக் காலேஜின் ஸ்டாண்டில் நின்று ஊதினேன். அதே பையன்கள் அந்தப் பக்கமிருந்து கையசைத்தார்கள். யாரும் கோபிக்கவில்லை. கூலிக்கு ஊதும் பப்பரே பேண்ட் என்றால் அப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

கண்டியில் பப்பரே இல்லாமல் காலேஜ் மேட்ச் களைகட்டாது. இங்கே பெரிய பள்ளிக்கூடங்களைத்தான் காலேஜ் என்பது. எங்கள் பேண்டில் ட்ரம்பெட் இரண்டு, பெரிய ட்ரம் ஒன்று, சைட் ட்ரம், சிம்பல். காலையில் கல்யாண வீடு, பின்னேரம் மேட்ச், இடையில் யாராவது கண்ணை மூடிவிட்டால் மரண ஊர்வலம். மூன்றுக்கும் சட்டை ஒன்றுதான், மெட்டு மட்டும் வேறு. பேண்டை நடத்துவதால் என்னை 'மாஸ்டர்' என்பார்கள். சங்கீதம் படித்த மாஸ்டர் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். நான் கற்றதெல்லாம் கோயில் திருவிழாவில் ஊதிக் கற்றது.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிமார், "கூடைப்பந்து மேட்சுக்குப் போனா ஏன் மாஸ்டர் ஆளுங்க இவ்வளவு சூடா இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காலேஜ்களின் பெயரைச் சொன்னால் அடுத்த சீசனில் வேலை கிடைக்காது. ஒன்றை மேட்டுக் காலேஜ் என்றும் மற்றதை ஆற்றங்கரைக் காலேஜ் என்றும் வைத்துக்கொள்வோம்.

2. பஸ் ஸ்டாண்டில் கிடைத்த மெட்டு

மேட்டுக் காலேஜுக்குப் பல சீசன் ஊதினேன். அங்கே ஒரு வழக்கம். நன்றாக விளையாடும் ஒவ்வொருவனுக்கும் ஒரு மெட்டு உண்டு. அவன் கூடையில் போட்டதும் அந்த மெட்டை ஊத வேண்டும். ஸ்டாண்டில் இருப்பவன் கோர்ட்டைப் பார்க்காமல் கடலை கொறித்துக்கொண்டிருந்தாலும், போட்டது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

பிரகாஷ் அங்கே வந்தபோது பதின்மூன்று வயது இருக்கும். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். அம்மா கொழுந்து எடுப்பவர். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்துக் கம்பத்தில் எறிந்து பழகியவனை மேட்டுக் காலேஜ் பழைய மாணவர்கள் எங்கேயோ பார்த்துவிட்டு, ஹொஸ்டலில் இடமும் யாரோ காலில் போட்டுக் கழித்த சப்பாத்தும் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். வந்த வருடமே ஆள் கமுகு மரம் மாதிரி வளர்ந்துவிட்டான்.

அவனுக்கு என்ன மெட்டு வைப்பது என்று ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்தேன். ஒருநாள் கண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கண்டக்டர் ஒருவர் மூச்சு விடாமல் கூவினார்: "கலஹா தெல்தோட்டை, தெல்தோட்டை, தெல்தோட்டை!" அதை அப்படியே ட்ரம்பெட்டுக்கு மாற்றினேன். கடைசியில் பெரிய ட்ரம்மில் மூன்று அடி. தெல், தோட், டை. அடிப்பவன் நிஸார். கட்டுகஸ்தோட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன், என்னோடு பேண்டில் மிக நீண்ட காலம் இருப்பவன்.

இரண்டாவது மேட்சிலேயே மெட்டு பிடித்துவிட்டது. பிரகாஷ் த்ரீ பொயின்ட் போட்டால் மரப்படிகளில் எல்லாரும் காலால் மூன்று தரம் இடிப்பார்கள். தமிழ்ப் பையன், சிங்களப் பையன், முஸ்லிம் பையன், அங்கே வந்த வெள்ளைக்காரக் கோச் உட்பட எல்லாருக்கும் அந்த பஸ் ரூட் மனப்பாடம்.

3. டீம் லிஸ்டைக் காட்டுங்க

பிறகு காற்று மாறியது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் வட்ஸ்அப்பில் சேர்ந்து டீமுக்குக் காசு அனுப்பத் தொடங்கினார்கள். ஓ.எல். பரீட்சை முடித்த பையன்களை ஒரு காலேஜிலிருந்து மற்றக் காலேஜுக்கு எடுத்தார்கள். ஹொஸ்டல், சாப்பாடு, புதுச் சப்பாத்து, மாதாமாதம் வீட்டுக்கு ஒரு தொகை. அதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. மழையில் கொழுந்து எடுக்கும் தாய்க்கு மகனின் விளையாட்டால் நாலு காசு வருவதை நான் யார் வேண்டாம் என்று சொல்ல?

ஆனால் என் தொழில் கஷ்டமானது. முன்பு ஒரு மெட்டு கட்டினால் ஐந்தாறு வருடம் ஓடும். இப்போது சீசன் தொடங்கும் அன்று, "டீம் லிஸ்டைக் காட்டுங்க, யார் இருக்கான், யார் போயிட்டான்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல மெட்டுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன.

ரசிகர்களும் மாறிவிட்டார்கள். முன்பு ஒருவன் ப்ரீ த்ரோவைத் தவறவிட்டால், "பரவால்ல மச்சான், அடுத்தது போடு" என்று கத்துவார்கள். இப்போது அதே தவறுக்கு, "இதுக்கா இவ்வளவு குடுத்தோம்?" என்கிறார்கள். கொடுத்தது யாரோ, கத்துவது யாரோ. இன்னொரு பக்கம், காலேஜ் எது என்றே பார்க்காமல் ஆளுக்காக வரும் ரசிகர்கள் புதிதாக முளைத்தார்கள். பிரகாஷ் எங்கே விளையாடினாலும் தெல்தோட்டையிலிருந்து ஒரு கூட்டம் பஸ் பிடித்து வந்துவிடும்.

ஓ.எல். முடிந்ததும் ஆற்றங்கரைக் காலேஜ் பிரகாஷை எடுத்தது. மேட்டுக் காலேஜ்காரர்கள் கொதித்தார்கள். அவனைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து தாங்கள் எடுத்ததை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள். அந்தச் சின்னப் பள்ளிக்கூடம் யாரையும் கேலி செய்து கூ அடிக்கவில்லை.

4. செத்த வீட்டு மெட்டு

அடுத்த சீசனில், மேட்டுக் காலேஜின் உள்ளக அரங்கில் இரண்டு காலேஜுக்கும் மேட்ச். எங்களைக் கூப்பிட்டது மேட்டுக் காலேஜ். பழைய மாணவர்களின் சார்பில் எல்லாவற்றையும் பார்ப்பவர் மகேந்திரன் சேர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மேட்டுக் காலேஜில் படித்து, எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். தங்கமான மனிதர், மேட்ச் இல்லாத நாட்களில்.

"மாஸ்டர், ஒரு விசயம்" என்றார். "அந்தப் பெடியன் ப்ரீ த்ரோ எடுக்கேக்க, நீங்கள் செத்த வீட்டு மெட்டு ஊத வேணும். விளங்குதே?"

"சேர், அது மரணத்துக்கு ஊதுறது."

"ஓம், அதுக்குத்தான் சொல்லுறன். எங்களைப் பொறுத்தவரை அவன் செத்திட்டான். இந்தச் சீசன் முழுக்க உங்களுக்குத்தான் வேலை. நான் கையைத் தூக்கினா ஊதுங்கோ."

சீசன் முழுக்க வேலை என்றால் ஐந்து குடும்பத்துக்குச் சோறு. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரமே பிரகாஷ் எனக்கு ஃபோன் எடுத்தான். விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது.

"மாஸ்டர், நல்லா இருக்கீங்களா? சனிக்கிழம அம்மா வர்றாங்க. இதுவரைக்கும் என் மேட்ச் ஒன்னுகூட பாத்ததில்ல. கூ அடிச்சா பரவால்ல, நான் சொல்லி வச்சிருக்கேன். அந்த மெட்டு மட்டும் அவங்களுக்கு நல்லாத் தெரியும் மாஸ்டர். அப்பாவக் கொண்டு போனப்ப ஊதுனது."

வேறொன்றும் கேட்கவில்லை. "வைக்கிறேன் மாஸ்டர்" என்று வைத்துவிட்டான்.

5. நிஸாரின் கை

சனிக்கிழமை அரங்கு நிரம்பியிருந்தது. பிரகாஷ் உள்ளே வந்ததும் கூரை பறக்கக் கூ அடித்தார்கள். எதிர்ப்பக்கம், ஆற்றங்கரைப் பெற்றோர் நடுவே, மஞ்சள் சேலையில் ஒரு பெண் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிரகாஷின் முகவெட்டு அப்படியே. கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதல் ப்ரீ த்ரோ. மகேந்திரன் சேர் கையைத் தூக்கினார். நான் ட்ரம்பெட்டை வாயில் வைத்தேன், எடுத்தேன், தலைகீழாகப் பிடித்து எச்சில் தண்ணீரை உதறினேன். நன்றாக, நிதானமாக உதறினேன். அதற்குள் பிரகாஷ் எறிந்து முடித்தான்.

இரண்டாவது முறை கை எழுந்தது. வால்வைக் கழற்றி, எண்ணெய் விட்டேன். "இறுகிப்போச்சு சேர்" என்று சைகை காட்டினேன். அவர் முகம் சிவந்தது. என் பக்கத்தில் இரண்டாவது ட்ரம்பெட்காரன் திடீரென்று இருமல் வந்தவன்போல் குனிந்துகொண்டான். ஒரு ட்ரம்பெட்காரனுக்கு இருக்கும் சாக்குகள் அவ்வளவுதான். மூன்றாவதற்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குத் தேவை வரவில்லை. பிரகாஷ் ஓரத்தில் பந்தை வாங்கினான், எழும்பினான், த்ரீ பொயின்ட். பந்து வலையில் விழுந்த அதே கணம் நிஸாரின் கை பெரிய ட்ரம்மில் இறங்கியது. தெல், தோட், டை!

என் வால்வ் தானாகச் சரியாகிவிட்டது. கண்டக்டர் மெட்டு முழுதாக வந்துவிட்டது. நான் வேண்டுமென்று ஊதவில்லை. ட்ரம் அடித்தால் வாய் போய்விடும், தொழில் அப்படி. அதைவிடப் பெரிய வேடிக்கை, மேட்டுக் காலேஜ் ஸ்டாண்ட் முழுவதும் காலால் மூன்று தரம் இடித்தது. இடித்து முடித்த பிறகுதான் அவன் இப்போது எதிரி டீம் என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. பிறகு பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் எங்களைப் பார்த்துக் கத்தினார்கள்.

மகேந்திரன் சேர் படிகளில் ஏறி வந்தார். "என்ன மாஸ்டர் இது? எங்கட காசை வாங்கிக்கொண்டு அவங்கட பெடியனுக்கு ஊதுறியளோ?"

நிஸார் முந்திக்கொண்டான். "சேர், அடிச்சது நான் தான். அவன் போட்டா அடிச்சிப் பழகின கை. என்னயக் கேக்காமலே அடிச்சிட்டுது."

"கையைப் பழக்கி வையும்!"

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "சேர், நீங்களும் தானே காலால தட்டினீங்க. நான் பாத்தேன்."

அவர் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இண்டையோட காணும். இனி வர வேண்டாம்" என்றார்.

மேட்டுக் காலேஜ் தோற்றது. பழியைக் கோச், ரெஃப்ரி, பப்பரே என்று மூன்று பேருக்குப் பங்கு போட்டார்கள். பெரிய பங்கு எங்களுக்கு.

வெளியே கேட் வாசலில் பிரகாஷ் அம்மாவைக் கூட்டி வந்தான். அவர் என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, எதுக்கு எல்லாரும் எங்க ஊரு பஸ்ஸக் கூப்பிட்டாங்க?"

"அது பஸ் இல்ல தங்கச்சி, ஒங்க மகன். அவன் போட்டா இங்க அப்பிடித்தான் ஊதுறது."

"இவன அவங்களுக்கு ஆகாதுன்னு சொன்னானே?"

"தல மறந்துருச்சு. கால் மறக்கல."

அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் சீசனை இழந்துவிட்டு நின்றேன், ஆனாலும் மனசு நிறைந்துதான் இருந்தது.

6. இப்போது நாங்கள் எந்த ஸ்கூல்?

அடுத்த வாரமே ஆற்றங்கரைக் காலேஜிலிருந்து ஆள் வந்தார், மிச்ச சீசனுக்குப் பேசினார். ஒத்துக்கொண்டோம். லீக் சுற்றில் மறுபடி மேட்டுக் காலேஜ் அரங்குக்கே போக நேர்ந்தது, இந்த முறை எதிர்ப்பக்க ஸ்டாண்டுக்கு.

நான் இத்தனை வருடம் இரண்டு பக்கமும் ஊதியவன். உள்ளே போனதும் வழக்கம்போல் கையசைத்தேன். மேட்டு ஸ்டாண்ட் எழுந்து நின்று எங்களுக்குக் கூ அடித்தது. விளையாடுகிறவர்களுக்கு இல்லை, எங்களுக்கு. "காசுக்குப் போன பேண்ட்!" என்று கத்தினார்கள். முதல் வரிசையில் மகேந்திரன் சேர்.

சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. உதடு காய்ந்துவிட்டது. காய்ந்த உதட்டில் ட்ரம்பெட் ஊத வராது, காற்று மட்டும் வரும். நிஸார் குச்சியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். "மாஸ்டர், இது நல்லா நோகுது" என்றான். ஆமாம், நொந்தது. பதினேழு வயதில் அந்தப் பையன் இதைக் கேட்டுக்கொண்டே ப்ரீ த்ரோ எடுத்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காசு வாங்கி வேலை செய்வது குற்றமில்லை, எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். யாரிடம் காசு வாங்கினாலும் ஆளைக் கேலி செய்ய ஊதாதீர்கள். ஒருவனுக்குக் கட்டிய மெட்டு, அவன் எங்கே போனாலும் அவனுக்குத்தான். இப்போது வேலை பேசும்போதே இந்த இரண்டையும் சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு பேண்டைத் தேடிப் போகிறார்கள், போகட்டும்.

அன்று கூ நிற்கவில்லை. மேட்ச் தொடங்க விசில் ஊதப் போகிறார்கள், நாங்கள் ஊதாமல் நிற்கிறோம். கோர்ட்டின் நடுவில் பிரகாஷ் பந்தோடு நின்றான். எங்கள் ஸ்டாண்டைப் பார்த்துத் திரும்பினான். பந்தைத் தரையில் மூன்று தரம் ஓங்கி அடித்தான்.

தெல். தோட். டை.

நிஸாரின் கை அவனைக் கேட்காமலே எழுந்தது.