காசி வாய் மூடியிருந்த அரை மணி நேரம்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பேரணாம்பட்டு வண்டிக்கு ஆள் கூப்பிடுகிறவர் காசி. இருதயத்தில் செயற்கை வால்வு வைத்த டாக்டர்கள் மூட்டை தூக்கக் கூடாது என்றார்கள். கத்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இந்தத் தொழில்.

கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கூவ முடியாமல் போகவே, எதிர்மாடியில் இருந்த பல் கிளினிக்குக்குப் போனார். அங்கே டாக்டர் சைரா மாணவர்களுக்குப் பாடம் நடத்துவார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் ஆள் பாடத்துக்குக் கிடைத்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"மாத்திரைய நிறுத்தலாமான்னு இவரு கேக்குறாரு. என்ன சொல்வீங்க?"

"நிறுத்தணும் மேடம். ரத்தம் ஜாஸ்தி வருமே" என்றான் கார்முகிலன்.

"நிறுத்துனா வால்வுல ரத்தம் கட்டிக்கும். பல்லுக்காக ஆளையே விடுவியா? ஹார்ட் டாக்டர்கிட்ட பேசிட்டேன், ரத்த டெஸ்ட்டும் சரியா இருக்கு. பல்ல எடுத்து, தையல் போட்டு, அழுத்திப் புடிச்சா போதும்."

பல் வந்தது. தையலும் போட்டாயிற்று. பஞ்சைக் கடிக்க வைத்து, "அரை மணி நேரம் வாயே தொறக்கக் கூடாதுண்ணா" என்றார் சைரா. தூக்கத்தில்கூட ஊர்ப் பெயர் சொல்கிறார் என்பது காசியின் மனைவி கமலவேணியின் புகார்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார் காசி. ஷூ கம்பெனி அமிர்தவள்ளி, தினமும் அவர் பேரணாம்பட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறவள், வாணியம்பாடி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். காசி "ம்ம்ம்" என்று துள்ளினார். மூச்சு முட்டுகிறது என்று இன்னொரு மாணவி ஸ்வேதா ஆக்ஸிஜனுக்கு ஓடினாள். மயக்கம் வரப்போகிறது என்று கார்முகிலன் அவர் கால்களைத் தூக்கிப் பிடித்தான். காசி பஞ்சை எடுக்கப் போனார். சைரா அந்தக் கையைப் பிடித்துப் பேனாவைத் திணித்தார். உள்ளங்கையில் எழுதினார் காசி: 'பச்சைப் புடவை. தப்பு பஸ்.'

"ஓடுங்க. அந்தம்மாவ எறக்குங்க. இல்லன்னா இவரு வாயத் தொறந்துருவாரு."

வெள்ளைக் கோட்டுகள் படியிறங்கி ஓடின. "பேரணாம்பட்டு, பேரணாம்பட்டு" என்று கத்தியபடி கார்முகிலன் பஸ்ஸை மறித்தான். அமிர்தவள்ளியைப் பையோடு மாடிக்கே கூட்டிவந்தார்கள்.

"எங்க அண்ணன் ஊட்டு விசேஷத்துக்கு வாணியம்பாடி போறேன். இன்னாத்துக்குண்ணா எறக்கி உட்ட?" என்றாள் அவள்.

வாயில் பஞ்சு. காசி கண்ணை மூடிக்கொண்டார். மீதி நேரம் முழுக்க அவள் திட்டினாள்.

சைரா பஞ்சை எடுத்தார். ரத்தம் நின்றிருந்தது. மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வாணியம்பாடி வண்டி வந்து நிற்பதைச் சொல்லக் காசி வாய் திறந்தார். மரத்துப்போன நாக்கில் "வாயம்மாயி, வாயம்மாயி" என்றுதான் வந்தது.

அதில் 'அம்மா' மட்டும் காதில் விழ, மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்து அமிர்தவள்ளி இரங்கினாள்.

"சரி உடுண்ணா" என்று உட்கார்ந்தாள். அந்த வண்டியும் போய்விட்டது.