டிக்கெட் பொந்து

ஓட்டைகளைப் பற்றி எட்டு வயதிலேயே எனக்கு ஒரு தெளிவு இருந்தது. தபால் பெட்டியின் வாயில் போட்ட கடிதம் திரும்பி வராது. மாதா கோயில் உண்டியலில் போட்ட காசும் அப்படித்தான். கிருஷ்ணகிரி டூரிங் டாக்கீஸில் என் மானம் போனதற்கு இந்த அறிவுதான் காரணம்.

அன்று படத்துக்குக் கடைசி நாள். ஆண்கள் வரிசை தெருவரை நீண்டிருந்ததால், அம்மாவின் தம்பியான என் மாமா, என்னைப் பெண்கள் வரிசையில் சொருகிவிட்டார். சுவரில் ஒரு கை நுழையுமளவு பொந்து. அதுதான் டிக்கெட் கவுண்டர். காசோடு கையை விட்டேன். உள்ளங்கையில் இரண்டு டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் விழுந்தன. இறுக்கி மூடிக்கொண்டேன். கை வெளியே வரவில்லை.

"கையைத் தொற பாப்பா, நான் வெளிய வந்து குடுக்கறேன்" என்றது உள்ளிருந்து ஒரு குரல். நானா ஏமாறுவேன்? ஓட்டைக்குள் விட்டதை எவன் திருப்பிக் கொடுத்திருக்கிறான்?

ஒலிபெருக்கியில் சாமி பாட்டு ஆரம்பித்துவிட்டது. அது முடிந்தால் படம். பின்னாலிருந்த பெண்கள் தெலுங்கில் திட்டினார்கள், கன்னடத்தில் அவசரப்படுத்தினார்கள். தமிழில் மட்டும் சிரித்தார்கள். மாமா ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். நான் போட்ட கூச்சலில் சாமி பாட்டே அடங்கிப்போனது.

"என்னாங்க, கெணத்து வாளியா இழுக்கறீங்க? புள்ளை கை கழண்டுரும், தள்ளுங்க!" என்று ஓர் அக்கா அவரை விலக்கினாள். தன் சடையை ஒரு தரம் உருவி, விரலில் ஒட்டிய தேங்காயெண்ணெயை என் மணிக்கட்டில் தடவினாள்.

"கண்ணு, டிக்கெட்டை ரெண்டு விரலுக்கு நடுவுல இடுக்கிக்க. சில்லறை உழுந்தா உழுவட்டும், மாமா வாங்கிக்குவாரு. அதுக்காவது ஆவாரில்ல? இப்ப விரலை நீட்டு."

கை வழுக்கிக்கொண்டு வந்தது. வரிசையே கைதட்டியது. பள்ளியில் பரிசு வாங்கியவளைப் போல டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன். மாமா சில்லறையை வாங்க மறந்து அங்கேயே நின்றார்.

உள்ளே ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சண்டை வந்தால் விசிலடிக்கிற மனிதர் அன்று திரையைப் பார்க்கவே இல்லை. முகம் சுவருக்கு அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது, "வில்லன் செத்துட்டானா?" என்று என்னையே கேட்டார். எனக்குப் பாவமாகிவிட்டது.

வாசலிலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "மாமாவுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சும்மா. கண்ணும் சரியாத் தெரியல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!"