எழுத்துப் பாயில் ஏறாத என் மகள்

என் ஆறு வயது மகள் யாழினி தாமதமாகத்தான் பேசத் தொடங்கினாள். அவளுக்குச் சிறப்புக் கல்வி வகுப்பு தேவையா என்று பார்க்க, மலேசியாவின் கிள்ளானில் ஒரு மலாய் ஆசிரியை அழைத்திருந்தார். அறைத் தரையில் எழுத்துகள் அச்சிட்ட பாய் விரித்திருந்தது. மழை விட்ட வெளிச்சத்தில் அது குளம்போல் மினுங்கியது.

“‘பி’ மேலே குதி, சாயாங்,” என்று மலாயில் செல்லமாகச் சொன்னார் ஆசிரியை. யாழினி கரையில் நிற்பவளைப் போல அசையாமல் நின்றாள். எத்தனை முறை சொல்லியும் குதிக்கவில்லை.

“புவான்,” என்று மரியாதையாக என்னை அழைத்தார் ஆசிரியை. “சொல்வது அவளுக்குப் புரியவில்லை. சிறப்பு வகுப்புதான் நல்லது.”

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, ஏதோ கனவில் இருப்பதுபோல நானும் தலையாட்டினேன். அப்போது யாழினி குனிந்து பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ஏன்டா குதிக்கல?”

“எழுத்த மிதிச்சா பாவம்னு நீதானம்மா சொன்ன!”

தயங்கித் தயங்கி ஆசிரியைக்கு விளக்கினேன்.

“அலாமாக்! அப்போ பாயைச் சுவரில் மாட்டலாம்லா,” என்று வியந்து சிரித்தார். மாட்டியதும், கேட்ட எழுத்தையெல்லாம் யாழினி விரலால் தொட்டுக் காட்டினாள். முடிவைத் தள்ளிவைத்து, தமிழ் தெரிந்த ஒருவரோடு மறுபடி பார்க்கலாம் என்றார் ஆசிரியை.

சிறப்பு வகுப்பு குறைவானதல்ல, தேவைப்பட்டால் சேர்ப்பேன். ஆனால் இப்போது எந்தச் சோதனைக்குப் போனாலும், எங்கள் வீட்டுப் பழக்கங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளிடமும் ‘ஏன்’ என்று கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.