நாலு கம்பி மயில்சாமி

கொதிக்கிற தண்ணீரில் ஒரு பிடி சலவைச் சோடாவைப் போட்டு, அது நுரைத்து அடங்கியதும், சுருட்டி வைத்திருக்கும் நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாக உள்ளே இறக்குகிறார் மயில்சாமி. பருத்த கம்பி முதலில், மெலிந்த கம்பி கடைசியில். கரண்டியைத் தொடுவதில்லை, ஸ்பேனரின் நுனியால் மெல்ல அமுக்கிவிடுகிறார். சிறிது நேரத்தில் தண்ணீர் கருத்துவிடும். விரலழுக்கும் வியர்வையும் கழன்று, கம்பிகள் வாங்கிய நாளின் ஓசைக்குத் திரும்பிவிடும் என்பது அவர் கண்ட அனுபவம். பேஸ் கிட்டாருக்கான கம்பி சேலத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. பெங்களூருக்குப் போகிற லாரிக்காரர் யாராவது மனம் வைத்தால்தான் உண்டு. அதுவரை வேகவைப்பதுதான் வழி.

அடுப்பு வாசலில் இருக்கிறது. வாசல் புதுச்சத்திரத்து நெடுஞ்சாலையைப் பார்த்திருக்கிறது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன கொழம்புங்க?" என்று கேட்காமல் போவதில்லை.

"எலும்புங்க. இன்னும் வேகுல," என்று முகம் மாறாமல் பதில் சொல்வார்.

"அந்தச் சட்டியில நாளைக்கு நான் பருப்பு வேக வெக்கோணும் சாமி," என்று உள்ளேயிருந்து தாயார் காளியாத்தாள் குரல் கொடுப்பார்.

"வெய்யுங்காத்தா. சோடாப் போட்ட சட்டி, பருப்பு பூவாட்டம் வெந்துரும்."

மயில்சாமிக்கு இரண்டு உத்தியோகங்கள். பகலில் நாமக்கல்லில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் பலகை அறைகிறார். மற்ற வேளைகளில் சேலம் செவ்வாய்ப்பேட்டையைச் சேர்ந்த ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். முதல் உத்தியோகம் இரண்டாவதற்குள் தாராளமாகப் புகுந்திருக்கிறது. கிட்டாரைத் தோளில் தாங்கும் பட்டை, லாரி சீட்டுக்குப் போர்த்திய ரெக்சினில் மிஞ்சிய துண்டு. ஒலிபெருக்கிப் பெட்டி அவரே கட்டியது: கனத்த பலகை, நான்கு மூலைக்கும் இரும்புப் பட்டை, தூக்குவதற்குத் தார்ப்பாய்க் கொக்கி. பட்டறையின் பெயிண்டர் வீரன், நட்புக்காக அதற்கு வர்ணம் பூசித் தருகிறேன் என்று வாங்கிப் போனார். லாரி முதுகில் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? பெட்டி திரும்பி வந்தபோது, நடுவில் ஒரு தாமரையும் அதன் கீழே 'ஒலி எழுப்பவும்' என்ற வாசகமும் இருந்தன. மயில்சாமி அழிக்கச் சொல்லவில்லை. "பொருத்தமாத்தான இருக்குது," என்று விட்டுவிட்டார்.

புதிய படப் பாடல்களைப் பயிலுவதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. குழுவினர் மற்ற எல்லாரும் செவ்வாய்ப்பேட்டை இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்து, பெட்டியருகே நெருக்கியடித்து நின்று கேட்பார்கள். மயில்சாமி மட்டும் உள்ளே போகமாட்டார். பக்கத்துச் சந்தில், கடையின் வெளிச்சுவரில் கன்னத்தையும் உள்ளங்கையையும் பதித்து, கண்களை மூடி நிற்பார். பாட்டுக்காரரின் குரல், வயலின், புல்லாங்குழல் எல்லாம் சுவருக்கு உட்புறமே தங்கிவிடும். சுவரைத் தாண்டி வருவது பேஸ் கிட்டாரின் கனத்த அடியோசை ஒன்றுதான்.

"வெயில்ல ஏனுங்க நிக்கறீங்க, உள்ள வாங்க," என்று கடைக்காரர் ஒருமுறை அழைத்தார்.

"உள்ள வந்தா பாட்டுத்தானுங்க கேக்குது," என்றார் மயில்சாமி.

மேடையில் அவரைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கூட்டத்துக்கு முக்கால் முதுகு காட்டி, டிரம்ஸ் வாசிக்கும் வீரபாகுவின் வலது காலையே பார்த்தபடி நிற்பார். அந்தக் கால் மிதிக்கும் இடத்தில் இவர் விரல் விழவேண்டும். அதைத் தவிர உலகில் அவருக்கு வேறு வேலையில்லை. ஆடமாட்டார், சிரிக்கமாட்டார். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆனாலும் திடலின் மறுகோடியில் மேடையே தெரியாத டீக்கடைக்காரருக்கு அவர் வந்திருப்பது தெரியும். தட்டில் அடுக்கிய கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கத் தொடங்கும். "நாலு கம்பி வந்துட்டாரு," என்று அவர் கிளாஸ்களை விலக்கி வைப்பார். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் திருவிழாக் கச்சேரிக்குப் போகிறவர்களிடையே அந்தப் பெயர்தான் நிலைத்திருக்கிறது.

பெயர் நிலைத்தது, கல்யாணம்தான் அமையவில்லை. முப்பதைத் தாண்டியும் ஜாதகம் ஊர் ஊராகப் போய் வந்துகொண்டிருந்தது. தரகர் அர்த்தநாரி பட்டறை வேலையைச் சொல்லும்வரை பெண் வீட்டார் தலையசைப்பார்கள். "கச்சேரியில கிட்டாரும் வாசிக்கறாருங்க" என்றதும் நேரில் பார்க்க ஆசைப்படுவார்கள். அங்கேதான் வினை. ராசிபுரத்துப் பக்கம் ஒரு குடும்பம் கச்சேரிக்கு வந்து, மினுமினுக்கும் சட்டை போட்டு முன்வரிசையில் துள்ளிய லீட் கிட்டார் பாலசுந்தரத்தைப் பார்த்து மனம் நிறைந்து, தாம்பூலம் மாற்றத் தேதியும் குறித்துவிட்டது. பாலசுந்தரத்துக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. உண்மையான மாப்பிள்ளையை அர்த்தநாரி சுட்டிக் காட்டியபோது, பெண்ணின் பெரியப்பா, "அந்தப் பெட்டிக்குக் காவலா நிக்கறவருங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த சம்பந்தம் மாறுபட்டது. பெண்ணே அவரை முதலில் பார்த்திருந்தாள். மஞ்சள் விவசாயி சின்னண்ணனின் மகள் சௌந்திரம், தாயாருடன் துணியெடுக்கச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தவள், சந்தில் ஒருவர் கண்மூடிச் சுவரோடு ஒட்டி நிற்பதைக் கண்டு நின்றாள். மயக்கமாக்கும் என்று நினைத்த தாயார் ஓடிப்போய் கோலி சோடா வாங்கி வந்துவிட்டார். மயில்சாமி கூச்சத்துடன் விஷயத்தைச் சொன்னார். தாயார் நம்பவில்லை. சௌந்திரம் தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். சற்று நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "அட, ஆமாங்கம்மா! உள்ளுக்குள்ள என்னமோ நடந்து போறாப்பல இருக்குது," என்றாள். சோடாவை மயில்சாமியே குடித்தார். அன்றே, வேறு எந்தப் பெண்ணையும் பார்க்க வேண்டாம் என்று அர்த்தநாரியிடம் சொல்லிவிட்டார். அவளும் வீட்டில் சொல்லிவிட்டாள். தயங்கியவர் சின்னண்ணன் ஒருவர்தான்.

"நம்மூரு நோம்பிக்கு அந்தக் குழுவைத்தான் பேசியிருக்குது. நேருல பாத்துப்போட்டுச் சொல்றேன்," என்று அவர் முடிவைத் தள்ளிவைத்திருந்தார். மாரியம்மன் திருவிழாவான அந்த நோம்பியைத் தவிர வேறு நாள் அவருக்குக் கிடைக்கவில்லை.

பொழுது சாயும் வேளையில் கச்சேரி தொடங்கியது. சின்னண்ணன் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருந்தார், பக்கத்தில் அர்த்தநாரி. மயில்சாமி முதுகு காட்டித்தான் நின்றார். ஆனால் அன்று அடிக்கடி தோளுக்கு மேலாகப் பார்வை போனது. சின்னண்ணனின் கண்கள் பாலசுந்தரத்தின் சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பாட்டுகளுக்கு இடையே அர்த்தநாரி மேடையோரம் வந்து எம்பினார்.

"காட்டிட்டனுங்க. 'அவரா? சும்மா நின்னுட்டுத்தான இருக்கறாரு'ங்கறாரு. கொஞ்சம் முன்னுக்கு வாங்க மாப்ள!"

"அண்ணா, நாலு குதி குதிங்க," என்றார் வீரபாகு, குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே. "சட்டையக்கூட பாலசுந்தரண்ணங்கிட்ட வாங்கித் தாரேன்."

"கெரகம். நீ காலைப் பாத்து மிதி."

இருந்தாலும் அடுத்த பாட்டின் நடுவில் மயில்சாமி துணிந்து ஓரடி முன்வைத்தார். இன்னும் ஓரடி. மூன்றாவது அடியில் பெட்டியிலிருந்து வந்த ஒயர் விறைத்து, பிளக் 'டப்'பென்று கழன்று விழுந்தது. அவர் குனிந்து அதைத் தேடி எடுத்துச் செருகும்வரை நாலு கம்பிகளும் ஊமையாயின. திடலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னண்ணன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மயில்சாமி பழைய இடத்துக்குத் திரும்பி, உதட்டை மடித்துக்கொண்டார். சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது என்று தோன்றியது.

அப்போதுதான் விழாக் குழுவினர் வந்து, வழக்கப்படி ஊர்ப் பெரியவர் ஒரு பாட்டுப் பாடுவார் என்று அறிவித்தார்கள். சின்னண்ணன் துண்டை இடுப்பில் இறுக்கியபடி மேடையேறினார்.

நாமகிரிப்பேட்டையில் இது வருடாந்தரச் சங்கடம். அவரிடம் ஒரே ஒரு முருகன் பாட்டு உண்டு. குரலில் குறையில்லை, தாளம்தான் அவருடைய சொந்தத் தயாரிப்பு. பிடித்த சொல் வந்தால் அதிலேயே குடியிருப்பார். இடையிசை வந்தால் காத்திருக்கமாட்டார். ஏரோட்டுகிறவர் வரப்பைத் தாண்டுவதுபோல் தாண்டி அடுத்த அடிக்குப் போய்விடுவார். ஆண்டுதோறும் குழு ஒருபக்கமும் அவர் ஒருபக்கமுமாகப் போய், கூட்டம் சீழ்க்கையடித்துக் கீழே இறக்கும். "போன வருசம் வந்தவனுக பாட்டப் பாதியில உட்டுட்டு ஓடிட்டானுக," என்பது அவர் தரப்பு.

குழுத் தலைவர் தீர்த்தகிரி குழுவினர் எல்லாருக்கும் கேட்கும்படி கிசுகிசுத்தார்: "அவரைத் தொரத்திப் போகாதீங்க. நாம நேரா போயிரலாம். உளுந்தா அவரு உளுவட்டும்."

மயில்சாமி கேட்டுக்கொண்டார். வழக்கமாக வீரபாகுவின் காலில் நிற்கும் பார்வையை எடுத்து, சின்னண்ணனின் குதிகாலில் வைத்தார்.

முதல் அடி சரியாகவே போனது. அதற்குள் மயில்சாமி கண்டுகொண்டார்: பாடத் தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் பெரியவரின் இடது குதிகால் தரையைவிட்டு எழும்புகிறது. இடையிசை வந்தது. பாலசுந்தரம் முன்னே பாய்ந்து கிட்டாரைத் தூக்கினார். குதிகால் எழும்பியது. பெரியவர் தாண்டினார், அதே கணத்தில் மயில்சாமியும் தாண்டினார். 'தும்' என்று விழுந்த அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு வீரபாகுவின் கால் வந்தது; கீபோர்டு வந்தது; தபேலா வந்தது. பாலசுந்தரம் மட்டும், தூக்கிய கையை எங்கே போடுவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றார். தீர்த்தகிரி திரும்பி முறைத்தார். மயில்சாமி பார்க்கவில்லை.

பிறகு 'வேலவா' வந்தது. அது சின்னண்ணனுக்குப் பிடித்த சொல். அதில் ஏறியவர் இறங்கவில்லை. கூட்டத்தில் யாரோ சீழ்க்கைக்காக விரலை வாய்க்குக் கொண்டுபோனார்கள். மயில்சாமி பருத்த கம்பியில் ஒரே சுரத்தைப் பிடித்து, அசையாமல் உருட்டிக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள் என்பதுபோல. தாமரை போட்ட பெட்டி பெரியவருக்கு நேர் பின்னால் இருந்தது. அதிலிருந்து வந்த காற்றில் அவருடைய வேட்டியின் பின்பக்கம் படபடத்தது. சொல்லை நிறுத்தாமலே அவர் ஒருமுறை முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார். யாரோ உள்ளங்கை வைத்துத் தாங்கியதுபோல் இருந்திருக்கவேண்டும். நிமிர்ந்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். மூச்சு முடிந்து அவர் கீழே வந்தபோது, மொத்தக் குழுவும் அவரோடு வந்து இறங்கியது.

பாட்டை அவரும் குழுவும் சேர்ந்தே முடித்தார்கள். வாய்க்குப் போன விரல்களிலிருந்து சீழ்க்கை வந்தது உண்மைதான். அது வேறு சீழ்க்கை. பெண்கள் பக்கம் சௌந்திரம் எழுந்தே நின்றுவிட்டாள்.

சின்னண்ணன் இறங்கவில்லை. பாலசுந்தரத்தைப் பார்த்தார், அவர் இன்னும் தாம் எங்கே தவறினோம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் திரும்பி, பெட்டியின் துணிமுகத்தில் கையை வைத்தார். மயில்சாமி தெரிந்தோ தெரியாமலோ ஒரு கம்பியை மீட்டினார். பெரியவர் சுட்டதுபோல் கையை எடுத்தார், மறுபடி வைத்தார். தலை மெல்ல நிமிர்ந்து, டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றவரை முதன்முறையாக முழுதாகப் பார்த்தது.

தீர்த்தகிரி மைக்கை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். பெரியவர் கொடுக்கவில்லை.

"ஏனுங் மாப்ள," என்றார் மைக்கிலேயே. திடல் முழுவதும் கேட்டது. "இன்னொரு பாட்டும் கைவசம் இருக்குதுங்க. யாருகிட்டயும் பாடுனதில்ல. பாடிரட்டுமா?"

மேடையோரத்தில் அர்த்தநாரி இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். வீரபாகு, "அய்யோ," என்றார். பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது.

மயில்சாமி வலது உள்ளங்கையைப் பேண்ட்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, கிட்டாரின் ஒலியைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினார்.