முசெம்பி போட்ட மின்சிகரெட் விதி

முசெம்பிக்கு விதிமுறை என்றால் உயிர். மச்சாகோஸ் நகரில் புகையிலைக் கட்டுப்பாட்டு அதிகாரியாக வேலை பார்த்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால்கூட அனுமதி வாங்கினானா என்று பார்க்கும் ஆளாகிவிட்டார்.

இணையத்தில் மின்சிகரெட் விற்பவர்களை எப்படி அடக்குவது என்று மேலிடம் தலையைப் பிய்த்துக்கொண்டபோது, கூட்டத்தில் எழுந்து நின்றவர் இவர்தான்.

"ரொம்பச் சுலபங்க. போன்ல காசு அனுப்பினா, சிம் யார் பேர்ல இருக்கோ அந்தப் பேர் கடைக்காரனுக்குத் தெரியும். அடையாள அட்டை உள்ள பெரியவங்க பேர்னா விக்கட்டும். இல்லேன்னா கூடாது. பொடிசுங்க எப்படி வாங்கும்?"

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். அதுவே விதியாகிவிட்டது. பத்திரிகையில் படம் வந்தது. பதவி உயர்வு வரப்போகிறது என்று மனைவியிடம் சொல்லி, புதுக் கோட்டுக்கு அளவும் கொடுத்துவிட்டார்.

அட, புத்திசாலிகளே! அந்த நாட்டில் பதினெட்டு வயது ஆகாமல் எந்தப் பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைக்கிறது? ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளின் சிம்மும் அப்பன் பெயரிலோ ஆத்தாள் பெயரிலோதானே இருக்கிறது! முசெம்பியே தன் மகள் சியோம்புவாவுக்கு அப்படித்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். கைதட்டியவர்களும் அப்படித்தான். ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே! வியாபாரிகள்தான் வாயெல்லாம் பல்லாக அந்த விதியை வரவேற்றார்கள்.

ஒருநாள் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. தலைமையாசிரியை நியாபோகேயின் மேசைமேல் ஒரு பொட்டலம் பிரித்துக் கிடந்தது. உள்ளே மின்சிகரெட். பைக்கில் வந்தவன் வாசலில் கொடுத்துவிட்டுப் போக, அதன்மேல் முசெம்பியின் பெயரைப் பார்த்த காவலாளி, நல்ல மனுஷன், பொறுப்பாக இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டான். சியோம்புவா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க பேர்தானே?"

"என் பேர்தான் மேடம். ஆனா..."

"கடைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'பெரியவர் பேர்லதான் வித்தேன், புது விதிப்படி எல்லாம் சரி'ன்னு எனக்கே பாடம் எடுக்குறான். இவதான் வாங்கினான்னா இன்னைக்கே வெளிய அனுப்பிடுவேன். பரீட்சையும் எழுத முடியாது. சொல்லுங்க, யாரோடது?"

முசெம்பி மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் மகளின் படிப்பும் போகும், தன் விதியும் ஊர் சிரிக்கப் போகும்.

"என்னோடதுதான் மேடம்."

"புகையிலை ஆபீசரா நீங்க?"

"வேலையில... கொஞ்சம் டென்ஷன்."

"அதைப் பள்ளிக்கூடத்துக்கா வரவழைப்பீங்க?"

"வீட்ல சம்சாரத்துக்குப் பயந்துதான்."

"என்ன ருசி?"

"மாம்பழம்."

பெட்டியில் புதினா என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நியாபோகே அதைப் பார்த்தார். பிறகு சியோம்புவாவைப் பார்த்தார்.

"வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு வெக்கமா இல்ல? எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. ரெண்டு பேரும்."

வெளியே வந்ததும் முசெம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பொட்டலத்தைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு மகளின் தோளைத் தட்டினார்.

"பாத்தியா, அப்பா எப்படிச் சமாளிச்சேன்! இனிமே தொடாத, என்ன?"

அவள் சிரிக்கவில்லை. "அந்த விதியை மாத்துங்கப்பா."

"அதான் தப்பிச்சிட்டோமே!"

"நான் எங்க தப்பிச்சேன்? ஒரு பாடம் முழுசா உக்கார முடியல, கையெல்லாம் நடுங்குது. விடணும்னுதான் பாக்குறேன், முடியல. கேட்ட உடனே வித்துடுறாங்க. ஒருத்தனாவது உனக்குக் கிடையாதுன்னு சொல்லணும்ப்பா."

முசெம்பி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இப்பப் போய் மாத்துன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்களேம்மா. பதவி உயர்வு வர்ற நேரம்."

சியோம்புவா அவருடைய கோட்டுப் பையைப் பார்த்தாள்.

"சரி. அப்போ அதைக் குடுங்க," என்று கையை நீட்டினாள்.