லைன்பேக்கருக்கு ஓர் எலுமிச்சம்பழம்

போன வருடம் தடிஞ்ஜுட் விளக்குத் திருநாள் முடிந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. யாங்கோனில் மழை ஓய்ந்து, மைதானங்களில் சேறு காய ஆரம்பித்திருந்தது. அன்று காலை என் மகனின் மண்டை உடைந்துவிட்டது என்று சுமார் நான்கு நிமிடம் நான் முழுமனதாக நம்பினேன்.

எங்கள் வீடு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரே மகன், அப்போது பதினேழு வயது. அவன் சோறு கேட்பது தமிழில், சண்டை போடுவது பர்மிய மொழியில். அந்த ஞாயிற்றுக்கு ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள், அமெரிக்கர்கள் ஆடும் ஃபுட்பால் பழகுகிறேன் என்று சொன்னான். உதைக்கிற பந்து என்று நினைத்துச் சரி என்றேன். பிறகுதான் தெரிந்தது, அதில் பந்தை யாரும் அதிகம் உதைப்பதில்லை, ஆளைத்தான் இடிக்கிறார்கள் என்று.

மகன் ஆடும் இடத்துக்கு லைன்பேக்கர் என்று பெயர். எதிரணிக்காரன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி வருவான். லைன்பேக்கர் எதிரே பாய்ந்து, அவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். இதையே அவன் ஐந்தாம் வகுப்பில் செய்தபோது பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இப்போது இதற்கென்று ஒரு பயிற்சியாளர்!

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு இல்லை. பாங்காக்கில் ஒரு பள்ளிக்கூடம், இந்த ஆட்டம் தெரிந்த இரண்டு பையன்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் இலவசமாகப் படிக்க வைக்கப் போகிறதாம். தேர்வு செய்ய அங்கிருந்து வருபவர் அமெரிக்காவில் பதினோரு வருடம் தொழில்முறையாக ஆடிய லைன்பேக்கர். மகனுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. எனக்கும்தான். பிள்ளைகளை எப்படியாவது வெளியூர் அனுப்பிவிட மாட்டோமா என்று ஊரே தவிக்கிற காலம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அவன் என் கண்ணுக்கு எதிரே, முழு மண்டையோடு இருக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது.

சனிக்கிழமை எங்கள் பேட்டை அம்மன் கோவிலுக்குப் போய், குருக்களிடம் சொல்லி ஓர் எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கினேன். குங்குமம் தடவித் தந்தார். "பையன் கூடவே இருக்கட்டும்மா" என்றார். கூடவே என்றால் எங்கே? அந்த உடுப்பில் பாக்கெட் கிடையாது. அவனிடம் கேட்டால், "அம்மா, தயவுசெய்து" என்று தமிழில் ஆரம்பித்துப் பர்மிய மொழிக்குப் போய்விடுவான். ஆகவே ஞாயிறு காலை அவன் குளிக்கப் போன நேரத்தில் ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன். உச்சியில், இரண்டு பஞ்சுத் திண்டுகளுக்கு நடுவே, ஒரு சின்னப் பழத்துக்கென்றே விட்டது போல இடைவெளி. மெல்லிய துணியில் பழத்தை முடிந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பூஜை அறைக் குங்குமத்தில் ஒரு கைப்பிடி அள்ளி அதோடு போட்டு, உள்ளே அமுக்கி வைத்தேன். நம் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தோசை வார்க்கப் போனேன்.

மைதானத்துக்கு நானும் போனேன். வராதே என்றான். டாக்சியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அந்த அமெரிக்கரைப் பார்த்ததும் நான் ஓர் அடி பின்வாங்கினேன். எங்கள் வீட்டு அலமாரிக்குக் கால் முளைத்தது போல இருந்தார். ஐம்பது வயது இருக்கும். முட்டி இரண்டும் போய்விட்டதால் படகு அசைவது போல நடந்தார். என்னிடம் வந்து குனிந்து கும்பிட்டார். நான் பதறி, அவருக்கு வணக்கம் சொல்லாமல், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் இடி. பந்தோடு வந்தவன் மலை மாதிரி ஒரு பையன். என் மகன் பாய்ந்தான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதிய சத்தம் கேட்டது. அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான். எழவில்லை. யாரோ திருப்பியபோது நெற்றியிலிருந்து, கண்ணிலிருந்து, கன்னமெல்லாம் சிவப்பாக ஓடியது.

நான் எப்படி அவனிடம் போனேன் என்று தெரியாது. ஒரு செருப்பு கோட்டுக்கு வெளியே கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். "மண்டை போச்சே! என் பிள்ளை மண்டை போச்சே!" என்று தமிழில் அலறினேன். அங்கிருந்த ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. அமெரிக்கர் அந்த முட்டிகளோடு மண்டியிட்டு, மகன் தலையை அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவன், "கண்ணு, கண்ணு எரியுது!" என்று கத்தினான். கண்ணும் போய்விட்டது என்று நான் முடிவு செய்தேன்.

அப்போது அமெரிக்கர் ஒரு விரலால் அந்தச் சிவப்பைத் தொட்டார். பார்த்தார். முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். பதினோரு வருடத்தில் எத்தனையோ பேர் ரத்தத்தைப் பார்த்த மனிதர், எலுமிச்சை வாசனையோடு பார்த்தது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

அந்த நிமிடம் வரை எனக்குப் பழத்தின் ஞாபகமே வரவில்லை என்றால் நம்புங்கள்.

மகனுக்கு வாசனை முன்பே தெரிந்துவிட்டது. கண்ணை மூடியபடியே, மிக மெதுவாக, "அம்மா" என்றான். அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அணித் தலைவனான பர்மியப் பையன் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே கைவிட்டு நசுங்கிய பழத்தை எடுத்து உயர்த்திக் காட்டினான். "அன்ட்டி, உப்பும் மிளகாயும் எங்கே? ஊறுகாய் முழுசா இல்லையே!" என்றான். மைதானமே உருண்டு சிரித்தது. மகன் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவியும் அவன் முகம் சிவப்பாகவே இருந்தது. அது குங்குமம் இல்லை.

ஒன்றும் ஆகவில்லையே, ஆட விடுங்கள் என்று நான் அமெரிக்கரிடம் ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவர் முடியாது என்று தலையசைத்தார். மோதி விழுந்தவனைச் சோதிக்காமல் உள்ளே விடமாட்டாராம். சோதனையில் தேறாவிட்டால் அவனுக்கு இன்றைய தேர்வு அவ்வளவுதான்.

கோட்டுக்கு வெளியே இரண்டு நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். "ஞாயிறு" என்றேன் நான். காலையில் என்ன சாப்பிட்டாய்? "மூன்று தோசை, தேங்காய்ச் சட்னி." அவர் என்னைப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு ஹெல்மெட்டில் அடி பட்டதா?"

வாயை மூடிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து டாக்டர் அவனிடம் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவன் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். காலையில் அவன் தோசை சாப்பிடவே இல்லை, தெரு நாய்க்குப் போடப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டானாம். பயத்தில் சாப்பிடத் தோன்றவில்லையாம். எத்தனை நாளாக ஆடுகிறாய்? இரண்டு வருடம். நான் ஆறு மாதம் என்று நினைத்திருந்தேன். மாதங்களைப் பின்னாலிருந்து சொல் என்றார். டிசம்பர், நவம்பர் என்று தடங்கல் இல்லாமல் ஜனவரி வரை வந்துவிட்டான். நானும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆகஸ்டில் நின்றுவிட்டேன்.

பிறகு அமெரிக்கர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். தன் இடது கையைக் காட்டினார். உள்ளங்கையில் பேனாவால் ஓர் எண் எழுதியிருந்தது. அவருடைய ஹோட்டல் அறை எண்ணாம். எழுதாவிட்டால் மறந்துவிடுவாராம். ஆடிய காலத்தில் தலைவலி உண்டா என்று டாக்டர்கள் கேட்ட ஒவ்வொரு முறையும் இல்லை என்று பொய் சொன்னதாகச் சொன்னார். அவர் வாந்தி எடுத்ததை அவருடைய அம்மா மட்டும் பார்த்திருக்கிறார். அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. "அதனால் நான் கேட்கிறேன்" என்றார்.

"இந்த மாதம் இவன் அதிகமாகத் தூங்கினானா?"

"ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை. பிறந்ததிலிருந்தே."

"கோபம்?"

"என் மேல் மட்டும்."

"தலைவலி, வாந்தி?"

மகன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, நம்பிக்கையும் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும் என்பது போல ஒரு பார்வை. எனக்கும் தெரிந்திருந்தது. லேசாகத் தலைவலி என்றான் சார், போன புதன்கிழமை. இந்தப் பொய் வாக்கியம் ஒன்று போதும். பாங்காக் இல்லை, ஹெல்மெட் இல்லை, மாலையில் மாடிப்படியில் அவன் காலடிச் சத்தம். வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல்.

"இல்லை" என்றேன். "அவனுக்குத் தலைவலி வந்ததில்லை."

அமெரிக்கர் எழுந்தார். பிறகு மகனின் தோளில் தட்டி, போ என்றார். அவன் போகும்போது திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை, ஓடிவிட்டான்.

மீதி ஆட்டத்தை நான் விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். அந்த மலைப் பையன் மறுபடி பந்தோடு வந்தான். மகன் தலையை ஒதுக்கி, தோளைக் கொடுத்து, அவனைத் தூக்கிச் சாய்த்தான். பக்கத்தில் நின்ற யாரோ கைதட்டினார்கள். நான் அந்த மலைப் பையனின் அம்மா எங்கே நிற்கிறார் என்று தேடினேன்.

தேர்வான இருவரில் என் மகனும் ஒருவன். இப்போது பாங்காக்கில் இருக்கிறான். ஞாயிறு மாலை, கரண்ட் இருந்தால், வீடியோவில் பேசுவோம். முன்பெல்லாம் எங்கே அடிபட்டாலும் முழுக்கைச் சட்டை போட்டு என்னிடம் மறைப்பான். இப்போது, எங்கே வலிக்கிறது என்று நான் ஒரே கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதால், முட்டி வீங்கியது, விரல் பிசகியது, பயமாக இருந்தது என்று அவனாகவே எல்லாம் சொல்கிறான். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்குவதில்லை, ஆனாலும் என் பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று அவன் வாயாலேயே தெரிந்துகொள்ள எனக்குப் பதினேழு வருடம் ஆகியிருக்கிறதே என்பதை நினைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறும் கேட்கிறேன்.